ஆறு விசிறி போட்டும் கணினி ஏன் கொதிக்கிறது? கடலோர ஊரில் கேபினெட் காற்றோட்டத்தின் கணக்கு

சித்திரை வெயில் ஏறியதும் புதுச்சேரியிலும் கடலூரிலும் கணினி சர்வீஸ் கடைகளுக்கு வரும் ஒரு புகார் ஆண்டுதோறும் மாறுவதில்லை. மார்கழியில் ஒழுங்காக ஓடிய கணினி, மே மாதப் பிற்பகலில் வீடியோ எடிட்டிங்கின்போதோ விளையாட்டின்போதோ திணறுகிறது. சில வேளைகளில் தானாகவே அணைந்துவிடுகிறது. கண்ணாடி முகப்பும் வண்ண விளக்குகளும் கொண்ட ஆறு விசிறிக் கேபினெட் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதற்குள் மாற்றிப் பொருத்துவது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு. மாற்றிய பிறகும் சூடு குறையவில்லை என்னும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. விசிறி கூடினால் காற்றும் கூடத்தானே வேண்டும்? கூட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எத்தனை விசிறி இருக்கிறது என்பதைவிட, காற்று எங்கே நுழைந்து எதைத் தாண்டி எங்கே வெளியேறுகிறது என்பதும், வழியில் உள்ள தடையை மீறித் தள்ளும் வலு அந்த விசிறிக்கு இருக்கிறதா என்பதுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. கடலை ஒட்டிய ஊர்களில் உப்பு என்ற மூன்றாவது காரணமும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

விசிறி எதையும் குளிரவைப்பதில்லை

முதலில் ஓர் அடிப்படை. விசிறி காற்றை நகர்த்துகிறது, அவ்வளவுதான். காற்றின் வெப்பநிலையை அது குறைப்பதில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் நமக்குக் குளிர்வது, தோலில் உள்ள வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான். கணினிக்கு வியர்ப்பதில்லை. ஆகவே, நம்மை வாட்டும் புழுக்கம் கணினியை வாட்டுவதில்லை. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தாலும் 40 விழுக்காடாக இருந்தாலும் கணினியின் மூளையான ப்ராசஸர் குளிரும் விதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இராது. அதைப் பாதிப்பது அறையின் வெப்பநிலை மட்டுமே.

அறைக்காற்று, கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று, ப்ராசஸர் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகள். அறை 36 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று அதைவிட 10 டிகிரி கூடி 46 ஆகிறது. ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது, அதன்மேல் உள்ள ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட 45 டிகிரி கூடுதலாக அதை நிறுத்திவைக்கிறது என்றால், ப்ராசஸர் 91 டிகிரியைத் தொடுகிறது. 2022இல் வந்த, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையின் பெரும்பாலான ப்ராசஸர்களுக்கு உச்ச வரம்பு 95 டிகிரி. இன்டெலின் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பலவற்றுக்கு 100 டிகிரி. வரம்பை நெருங்கியதும் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதுவும் போதாவிட்டால் கணினி அணையும். அதே கணினி மார்கழியில் 27 டிகிரி அறையில் இருந்தபோது 82 டிகிரியில்தான் நின்றது. எந்தப் பாகமும் பழுதாகவில்லை. முதல் படி மட்டும் 9 டிகிரி உயர்ந்திருக்கிறது.

இந்த மூன்று படிகளில் கேபினெட் விசிறியால் சரிசெய்யக்கூடியது நடுப்படி ஒன்றுதான். அறையின் சூட்டை அது தொடாது. ஹீட்சிங்க் சிறியதாக இருந்தாலோ, சூட்டைக் கடத்த அதனடியில் பூசிய பேஸ்ட் காய்ந்துபோயிருந்தாலோ அதையும் விசிறி ஈடுசெய்யாது. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில் கடற்காற்று கரையேறத் தாமதமாகி, பிற்பகல் வரை ஊரே காய்வதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். அத்தகைய நாளில் எத்தனை விசிறி ஓடினாலும் உள்ளே நுழைவது அதே சூடான காற்றுதான்.

எவ்வளவு காற்று போதும்?

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கணினி வெளியிடும் வெப்பத்தை வாட் அளவில் எடுத்து 3ஆல் பெருக்கி, ஒரு மணி நேரத்தில் கேபினெட் வழியாகச் செல்லும் காற்றின் கன மீட்டர் அளவால் வகுத்தால், அந்தக் காற்று எத்தனை டிகிரி சூடேறும் என்பது கிடைக்கும். காற்றின் அடர்த்தியிலிருந்தும் அதன் வெப்பக் கொள்திறனிலிருந்தும் வருவதே அந்த 3 என்ற எண்.

ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மற்றவை எல்லாம் சேர்த்து 400 வாட் இழுக்கும் கணினியை எடுத்துக்கொள்வோம். இது கணினி உண்மையில் இழுக்கும் அளவு. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் அச்சிட்டிருக்கும் 650 வாட் என்பது அதனால் தர முடிந்த உச்ச அளவு என்பதால் இந்தக் கணக்கில் சேராது. காற்றின் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் கிடைப்பது இது:

1. மணிக்கு 60 கன மீட்டர் சென்றால் காற்று 20 டிகிரி சூடேறும்.
2. 120 கன மீட்டரில் 10 டிகிரி.
3. 240 கன மீட்டரில் 5 டிகிரி.
4. 480 கன மீட்டரில் 2.5 டிகிரி.

முதல் இரட்டிப்பில் 10 டிகிரி லாபம், கடைசி இரட்டிப்பில் இரண்டரை டிகிரி மட்டுமே. ஆறு விசிறிக் கேபினெட்டின் ஏமாற்றத்துக்குப் பாதிக் காரணம் இங்கேயே இருக்கிறது. காற்றே ஓடாத பெட்டியில் போடும் முதல் இரண்டு விசிறிகள் மருந்து போல வேலை செய்யும். ஐந்தாவதும் ஆறாவதும் பெரும்பாலும் அழகுக்குத்தான். மேற்சொன்ன கணினிக்கு 120 முதல் 180 கன மீட்டர் வரை உண்மையாகவே ஓடினால் போதும். விசிறிகளின் அளவைச் சிஎஃப்எம் கணக்கில், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று, குறிப்பிடுவது வழக்கம். ஒரு சிஎஃப்எம் என்பது மணிக்கு 1.7 கன மீட்டர் என்பதால், இது ஏறத்தாழ 70 முதல் 105 சிஎஃப்எம் ஆகும்.

‘உண்மையாகவே ஓடினால்’ என்ற சொற்களை அழுத்தம் கொடுத்துப் படிக்க வேண்டும்.

அட்டையில் அச்சிட்ட எண்ணும் கேபினெட்டுக்குள் கிடைக்கும் காற்றும்

விசிறி வரும் அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று காற்றின் அளவு. மற்றொன்று நிலையழுத்தம், அதாவது தடையை எதிர்த்து விசிறியால் எவ்வளவு வலுவாகத் தள்ள முடியும் என்பது. நிலையழுத்தத்தை மில்லிமீட்டர் நீர் என்ற அலகில் சொல்வார்கள். இரண்டுமே உச்ச அளவுகள் என்பதும், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. முன்னாலும் பின்னாலும் எதுவுமே இல்லாத வெட்டவெளியில் சுழலும்போது கிடைப்பதே உச்சக் காற்றளவு. வெளிவழியை முழுக்க அடைத்து, காற்றே நகராத நிலையில் அளப்பது உச்ச அழுத்தம். கேபினெட்டில் பொருத்திய விசிறி இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எங்கோ வேலை செய்கிறது. அச்சிட்ட காற்றளவில் பாதிதான் கிடைக்கிறது என்றால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

நாக்டுவா நிறுவனத்தின் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். என்எஃப்-எஸ்12ஏ நிமிடத்துக்கு 1200 சுற்றில் மணிக்கு 107.5 கன மீட்டர் காற்றைத் தரும். அதன் நிலையழுத்தம் 1.19 மில்லிமீட்டர் நீர். என்எஃப்-எஃப்12 நிமிடத்துக்கு 1500 சுற்றில் மணிக்கு 93.4 கன மீட்டர்தான் தரும், நிலையழுத்தமோ 2.61. காற்றளவை மட்டும் பார்ப்பவர் முதலாவதை எடுப்பார். பின்பக்கத்தில் தடையில்லாத வெளியேற்றத் துளைக்கு அதுதான் சரி. ஆனால் தூசு வடிகட்டிக்குப் பின்னாலோ, நீர்மத்தால் குளிரவைக்கும் அமைப்பில் உள்ள ரேடியேட்டரின் நெருங்கிய தகடுகளுக்கு முன்னாலோ பொருத்துவதாக இருந்தால், அழுத்தம் கூடிய இரண்டாவதே உள்ளே அதிகக் காற்றைச் சேர்க்கும்.

கண்ணாடி முகப்புக் கேபினெட்டின் சிக்கலும் இதுவேதான். முகப்பு முழுவதும் கண்ணாடி. அதற்குப் பின்னால் மூன்று வண்ண விசிறிகள். காற்று நுழைய ஓரத்தில் விரல் தடிமனுக்கு ஒரு சந்து மட்டுமே இருக்கும். மூன்று விசிறிகளும் அந்தச் சந்தின் வழியாக மூச்சை இழுக்க வேண்டும். அவற்றின் அழுத்தமும் குறைவு என்றால் மூன்றும் சுழலும், விளக்கும் எரியும், காற்று மட்டும் வராது. இத்தகைய பெட்டியில் நான்காவது விசிறிக்குச் செலவழிப்பதைவிட, முகப்பில் கம்பிவலை உள்ள கேபினெட்டுக்கு மாறுவதே உருப்படியான செலவு.

எங்கே உள்வாங்குவது, எங்கே வெளியேற்றுவது

சூடான காற்று தானே மேலே ஏறும், ஆகவே மேலே ஒரு விசிறி கட்டாயம் வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. ஏறுவது உண்மைதான், எவ்வளவு வலுவுடன் ஏறுகிறது என்பதுதான் கேள்வி. முக்கால் முழம் முதல் ஒரு முழம் உயரமுள்ள கேபினெட்டில், உள்ளே 10 டிகிரி கூடுதல் சூட்டால் உண்டாகும் ஏற்றத்தின் அழுத்தம் 0.02 மில்லிமீட்டர் நீரைக்கூடத் தொடாது. ஒரு சாதாரண விசிறியின் உச்ச அழுத்தத்தில் அது நூறில் ஒரு பங்கு அளவே. ஆகவே விசிறி எந்தத் திசையில் தள்ளுகிறதோ அந்தத் திசையில்தான் காற்று போகும்; மேலே ஏறும் இயல்பை நம்பித் திட்டமிட வேண்டியதில்லை.

பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குப் பொருந்தும் ஏற்பாடு எளிமையானது:

1. முன்புறத்தில் இரண்டு விசிறிகள் உள்வாங்க வேண்டும். ஒன்று கிராபிக்ஸ் கார்டுக்கு நேராகவும் மற்றொன்று ப்ராசஸருக்கு நேராகவும் அமைவது நல்லது.
2. பின்புறம், ப்ராசஸர் ஹீட்சிங்குக்கு நேர் பின்னால், ஒரு விசிறி வெளியேற்ற வேண்டும்.
3. மேலே விசிறி போடுவதென்றால் பின்பக்கத்தை ஒட்டிய இடத்தில் போட வேண்டும். முன்பக்கத்தை ஒட்டி வெளியேற்றும் விசிறியை வைத்தால், முன்னால் நுழைந்த புதுக்காற்று ப்ராசஸரை எட்டும் முன்பே கூரை வழியாகப் போய்விடும்.
4. எஸ்எம்பிஎஸ் கீழே இருந்து, அதன் விசிறி தரையைப் பார்த்திருந்தால், அது தன் காற்றைத் தானே எடுத்துத் தானே வெளியேற்றிவிடும். இந்தக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

விசிறியின் எந்தப் பக்கம் காற்று வெளிவரும் என்பதில் தவறு நேர்வது சாதாரணம். வழக்கமான விசிறிகளில், நடுவிலுள்ள மோட்டாரைத் தாங்கும் கைகள் சட்டத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றனவோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளிவரும். சில விசிறிகளில் சட்டத்தின் விளிம்பில் சிறு அம்புக்குறிகளும் பொறித்திருப்பார்கள். அழகுக்காகத் தலைகீழ் இறக்கையுடன் வரும் ‘ரிவர்ஸ்’ விசிறிகளில் இதற்கு மாறாகக் காற்று தாங்கு கைகள் இல்லாத பக்கமாக வெளிவருவதால், கடைக்காரரே குழம்பி மாற்றி மாட்டிவிடுவதுண்டு.

உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், பெட்டிக்குள் மெல்லிய மிகையழுத்தம் உண்டாகி, மிச்சக் காற்று எல்லா இடுக்குகள் வழியாகவும் வெளியே கசியும். வெளியேற்றம் மிஞ்சினால் அதே இடுக்குகள் வழியாக வடிகட்டாத காற்று உள்ளே இழுக்கப்படும். சூட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தூசைப் பொறுத்தவரை உண்டு. யுஎஸ்பி துளைகளைச் சுற்றிலும் பின்புறத் தகடுகளின் ஓரங்களிலும் தூசு கோடு கோடாகப் படிந்திருந்தால், அந்தப் பெட்டி வெளியேற்றம் மிஞ்சி ஓடுகிறது என்று பொருள்.

உப்பு

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் போன்ற இடங்களில் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தாலே இந்தப் பகுதி புரிந்துவிடும். கடற்காற்று சுமந்துவரும் நுண்ணிய உப்புத் துகள், வீட்டுத் தூசோடு சேர்ந்து விசிறி இறக்கையின் முன்விளிம்பிலும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையிலும் பிசுபிசுப்பாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடியில் நடப்பதுதான் மதர்போர்டின் மேலும் நடக்கிறது. அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். திருகுகளையும் இணைப்பு முனைகளையும் அரிக்கும்.

கணினி ஓடும்போது இந்த ஆபத்து குறைகிறது. 32 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, கேபினெட்டுக்குள் 42 டிகிரிக்குச் சூடேறினால், அதன் ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்கு அருகே இறங்கிவிடும். காற்றிலுள்ள நீரின் அளவு அதேதான், சூடான காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது. அணைத்துவிட்டுப் போன பிறகு, இரவில் பெட்டி ஆறும்போதுதான் படிந்த உப்பு மீண்டும் நீர்க்கிறது. கோடை விடுமுறைக்கு மூடிவைத்துவிட்டு ஊருக்குப் போகும் வீட்டில், ஜன்னலோரக் கணினி சும்மா இருந்தே கெடுவதற்கு வழி இருக்கிறது.

நைலான் வலை வடிகட்டி முடியையும் பஞ்சையும் தடுக்கும். உப்பின் நுண்துகளை முழுக்கத் தடுக்காது. அதைவிட நுண்ணிய வடிகட்டி போட்டால் காற்றும் நின்றுவிடும். எனவே கடலோரத்தில் ‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு காற்று’ என்ற கொள்கை தவறாகிவிடுகிறது. பெட்டி வழியாக ஓடும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பைக் கொண்டுவருகிறது. 120 கன மீட்டர் போதும் என்ற கணினியில் 480 கன மீட்டரை ஓட்டுவது, ஏழரை டிகிரி லாபத்துக்காக நான்கு மடங்கு உப்பை விலைக்கு வாங்குவது. கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து பெட்டியைத் தள்ளிவைப்பதும், வேலை இல்லாதபோது விசிறிகள் மெதுவாகச் சுழலும்படி அமைப்பதும் இங்கே கூடுதல் விசிறியைவிட மதிப்புள்ளவை.

பக்கக் கதவைக் கழற்றிவிட்டு எதிரே டேபிள் ஃபேன் வைப்பது பழைய வைத்தியம். சூடு உடனே குறையும், மறுக்க முடியாது. ஒரே மாதத்தில் உள்ளே எல்லாப் பாகங்களிலும் சாம்பல் நிறப் படலம் படிவதையும் மறுக்க முடியாது. கடலுக்கு அருகே அது ஒருநாள் சமாளிப்பாக மட்டுமே இருக்கட்டும்.

அளவு, வேகம், இணைப்பு, தாங்கி

கேபினெட் ஏற்குமானால் 120 மில்லிமீட்டரைவிட 140 மில்லிமீட்டர் விசிறி மேல். பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுவதால் அதே காற்றைக் குறைந்த சுற்றில் தரும். சுற்றின் முக்கியத்துவம் சத்தத்தில் தெரியும்: வேகம் இரட்டிப்பானால் காற்று இரண்டு மடங்கு, அழுத்தம் நான்கு மடங்கு, மின்செலவு எட்டு மடங்கு ஆகும், சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். அதே வேகத்தில் இன்னொரு விசிறியைச் சேர்த்தால் 3 டெசிபல்தான் ஏறும். ஆகவே ஒன்றை விரட்டுவதைவிட இரண்டை மெதுவாக ஓட்டுவது நல்லது.

இணைப்பில் மூன்று வகை உண்டு. நான்கு முனை விசிறிகளை மதர்போர்டு 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பால் கட்டுப்படுத்தும். வேகத்தை அடிமட்டம் வரை குறைக்கலாம். மூன்று முனை விசிறிகளின் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்து மாற்றலாம். மிகக் குறைத்தால் நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பில் மாட்டுபவை எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். விலை குறைந்த ஆறு விசிறிக் கேபினெட்டுகளில் பல இந்த மூன்றாவது வகையையே தருகின்றன. உப்பைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால், கடலோர வாசிக்கு இது மோசமான தேர்வு. மதர்போர்டின் ஒரு விசிறி இணைப்பு பொதுவாக 1 ஆம்பியர் வரை தாங்கும்; பிரிப்பான் போட்டு மூன்று விசிறிகளை மாட்டும் முன், ஒவ்வொன்றின் நடுவே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆம்பியர் அளவைப் பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

விசிறியின் அச்சைச் சுமக்கும் தாங்கியைப் (பேரிங்) பொறுத்தவரை, ஸ்லீவ் வகை விலை குறைவு, ஆனால் சூட்டில் அதன் எண்ணெய் காய்ந்துவிடும்; கூரையில் படுக்கைவாட்டில் பொருத்தினால் இன்னும் சீக்கிரம் தேயும். ஸ்டிக்கரைக் கிழித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது சர்வீஸ் கடைகளின் கைவைத்தியம். சில வாரங்களுக்குத் தாங்கும். பந்துத் தாங்கி சூட்டைப் பொறுக்கும், கொஞ்சம் சத்தம் போடும். நீர்ம இயக்கத் தாங்கி இரண்டுக்கும் நடுவே நல்ல சமரசம். இந்த வெயிலுக்கு அதற்கான கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம்.

விசிறி வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

1. கணினி மேசையின் அடைத்த தட்டுக்குள் பெட்டி இருந்தால் முதலில் வெளியே எடுக்க வேண்டும். தான் வெளியேற்றிய சூட்டையே தான் திரும்ப உறிஞ்சும் கணினிக்கு எந்த விசிறியும் உதவாது. வெளியே எடுத்ததைத் தரையில் வைக்காமல் ஓர் அடி உயர்த்தி வைப்பது தூசுக்கும் நல்லது, வெள்ளத்துக்கும் நல்லது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம்.

2. வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். மறுபக்கம் தெரியாவிட்டால் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். ப்ளோயர் வைத்து ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றில் வெறித்தனமாகச் சுழலவிட்டால் தாங்கி கெடும், மோட்டார் ஜெனரேட்டராக மாறி இணைப்புக்குள் மின்சாரத்தைத் திருப்பியனுப்பவும் கூடும்.

3. பக்கக் கதவைத் திறந்துவைத்து, கணினியைப் பத்து நிமிடம் கடுமையாக ஓட்டி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மூடி அதையே செய்ய வேண்டும். இரண்டுக்கும் இடையே 10 டிகிரி வேறுபாடு இருந்தால் சிக்கல் காற்றோட்டத்தில் இருக்கிறது, விசிறிக்குப் பணம் செலவழிக்கலாம். 2 டிகிரிதான் என்றால் சிக்கல் ஹீட்சிங்கிலோ பேஸ்டிலோ அறையிலோ இருக்கிறது. விசிறி வாங்க வேண்டாம்.

4. கடைசியாக, அறையின் மின்விசிறியை அணைத்துவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கேபினெட்டின் ஒவ்வொரு துளைக்கும் அருகே சற்று நேரம் பிடித்துப் பார்க்கலாம். முன்வலை அருகே புகை வளைந்து உள்ளே போக வேண்டும். பின்துளை அருகே விலகி ஓட வேண்டும். பக்கத்து இடுக்குகளில் அது லேசாக வெளியே தள்ளப்பட்டால் உள்வாங்கல் மிஞ்சியிருக்கிறது. அங்கேயும் உள்ளே இழுக்கப்பட்டால், புதிதாக எதுவும் வாங்காமல், வெளியேற்றும் விசிறியின் வேகத்தை பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) கொஞ்சம் குறைத்துவிட்டு, அதே ஊதுபத்தியை அதே இடுக்கில் மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும்.